தாழையூத்து, மதுக்கரை சுண்ணாம்புக் கல்லில் கிளிஞ்சல் ஏன் இல்லை? பூமிக்குள் வெந்த பாறையின் கதை

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக் கல் சுரங்கத்தில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால், அதில் சிப்பியின் ஓடு அப்படியே தெரியும். கல்லங்குறிச்சி பகுதியில் கை அகலச் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்று யாரும் சொல்லித் தரவே தேவையில்லை. கல்லே சொல்லிவிடும்.

இப்போது திருநெல்வேலியை அடுத்த தாழையூத்துக்கு வாருங்கள். அங்கேயும் சுண்ணாம்புக் கல்தான். அதை நம்பித்தான் 1946-ல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தன் முதல் ஆலையை 1949-ல் அங்கே திறந்தது. ஆனால் அந்தக் கல்லை உடைத்துப் பார்த்தால் சிப்பியும் இல்லை, ஓடும் இல்லை. உடைத்த முகம் முழுக்கச் சீனியைக் கொட்டியது போல வெள்ளை வெள்ளையாக மினுங்கும். கோவை மதுக்கரை, சேலம் மாவட்டம் சங்ககிரி, விருதுநகர் மாவட்டத்தின் பந்தல்குடி, ஆலங்குளம் (தென்காசி ஆலங்குளம் அல்ல, இது வேறு) ஆகிய இடங்களிலும் இதே கதைதான்.

இரண்டுமே கால்சியம் கார்பனேட். இரண்டுமே சிமெண்ட் ஆகின்றன. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? அரியலூர் கல் பச்சையாக இருக்கிறது. தாழையூத்து கல் வெந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு வித்தியாசம்தான், கல் மண்ணுக்குள் எந்த வடிவத்தில் இருக்கும், எவ்வளவு தோண்டலாம், எங்கே திடீரென்று தீர்ந்துபோகும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

வெந்தால் சுண்ணாம்பு ஆகிவிடாதா?

நியாயமான கேள்வி. சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் போட்டு எரித்தால் என்ன ஆகும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்லில் இருந்து கார்பன் டை ஆக்சைடு வாயு பறந்துவிடும். மிஞ்சுவது நீற்றாத சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து மாவாகும். திறந்த வெளியில் இது நடக்க ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சுத்தமான கல் 1,000 கிலோ எரித்தால் 440 கிலோ வாயுவாகப் போய்விடும், 560 கிலோதான் கையில் நிற்கும்.

தென் தமிழ்நாட்டின் பாறைகள் பூமிக்கடியில் 800 டிகிரியைத் தாண்டிச் சூடானவை. சில இடங்களில் 900-ஐயும் தாண்டியதற்கு ஆதாரம் இருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சுண்ணாம்புக் கல் எல்லாம் எப்போதோ நீறிப் போயிருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வி 200 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் பெரிய சண்டையாக ஓடியது. பூமியின் உள் வெப்பம்தான் பாறைகளை உருவாக்குகிறது, மாற்றுகிறது என்று ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் சொன்னார். 'அப்படிச் சூடு பட்டிருந்தால் சுண்ணாம்புக் கல் மிஞ்சியிருக்குமா?' என்று எதிர்த்தரப்பு மடக்கியது. அழுத்தம் வாயுவை வெளியே விடாது என்பது ஹட்டனின் பதில். ஆனால் அவர் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. பூமிக்குள் நடப்பதைச் சின்னக் குழாய்க்குள் நடத்திக் காட்ட முடியாது என்பது அவர் எண்ணம்.

அவருடைய நண்பர் சர் ஜேம்ஸ் ஹால் மரியாதைக்காகப் பொறுத்திருந்தார். 1797-ல் ஹட்டன் இறந்த பிறகு வேலையில் இறங்கினார். துப்பாக்கிக் குழலுக்குள் சுண்ணாம்புக் கட்டித் தூளை அடைத்து, வாயு வெளியேறாதபடி மூடி, உலையில் வைத்துச் சூடாக்கினார். குழல்கள் வெடித்தன, கசிந்தன. விடாமல் நூற்றுக்கணக்கான முறை முயன்றார். கடைசியில் குழலைத் திறந்தபோது உள்ளே இருந்தது சுட்ட சுண்ணாம்பு அல்ல, பளிங்கு போல மினுங்கும் கெட்டிக் கல். 1805-ல் எடின்பரோவில் அறிஞர்கள் முன்னால் அந்த முடிவை வாசித்தார்.

மூடி போட்டதுதான் ரகசியம். பூமியில் 25 கிலோமீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் பாறையின் எடை மட்டுமே நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல சுமார் 7,000 மடங்கு. அந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அவ்வளவு எளிதில் பிரிந்து ஓட முடியாது. அதனால் சுண்ணாம்புக் கல் சிதையாமல், சுண்ணாம்புக் கல்லாகவே வேகிறது.

சீனி மாதிரி மினுங்குவது ஏன்?

வேகும்போது கல் உருகுவதில்லை. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கல் திடமாகவே இருக்கும். உள்ளே இருக்கும் துகள்கள் மட்டும் தங்களை மாற்றி அடுக்கிக்கொள்ளும். ரசத்தின் மேல் மிதக்கும் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது போல, கண்ணுக்குத் தெரியாத கால்சைட் துகள்களைப் பக்கத்தில் உள்ள பெரிய துகள்கள் விழுங்கி வளரும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால் ஒவ்வொரு துகளும் சீனி அளவுக்கு, சில இடங்களில் கற்கண்டு அளவுக்கு வளர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தட்டையான முகங்கள் இருப்பதால் வெயிலில் கல்லைத் திருப்பினால் மின்னும்.

இதற்குப் பெயர் படிகச் சுண்ணாம்புக் கல். பளபளப்பாக மெருகேற்ற முடிகிற அளவுக்கு அழகாக இருந்தால் வியாபாரத்தில் அதையே மார்பிள், பளிங்கு என்பார்கள். சிமெண்டுக்குப் போனால் படிகச் சுண்ணாம்புக் கல். ஒரே பாறைக்கு வேலையைப் பொறுத்து இரண்டு பெயர்.

இங்கே தமிழில் ஒரு சின்னச் சிக்கல். பழைய இலக்கியத்தில் 'பளிங்கு' என்றால் மார்பிள் அல்ல, ஸ்படிகம். மணிமேகலை ஓடி ஒளியும் பளிக்கறை, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவரின் உருவம் தெரிகிற மண்டபம். மார்பிளில் கட்டியிருந்தால் உதயகுமரனுக்கு வெள்ளைச் சுவர்தான் தெரிந்திருக்கும். பிற்காலத்தில்தான் அந்தச் சொல் இந்தக் கல்லுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, கிளிஞ்சல் எங்கே போனது?

'சூட்டில் அழிந்துவிட்டது' என்பதுதான் உடனே தோன்றும் பதில். இத்தாலியின் புகழ்பெற்ற கராரா மார்பிளுக்கு அந்தப் பதில் பொருந்தும். ஜுராசிக் காலத்துக் கடலில் படிந்த சுண்ணாம்புக் கல் அது. உயிரினங்களின் ஓடுகள் அதில் இருந்தன. பின்னால் மலை உருவானபோது சூடும் அழுத்தமும் சேர்ந்து அவற்றைத் துடைத்துவிட்டன.

தமிழ்நாட்டில் விஷயம் வேறு. தாழையூத்து, பந்தல்குடி பக்கப் பாறைகள் வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, இந்தியா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று மோதி, கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒட்டிக்கொண்ட காலம் அது. வெந்ததே அப்போது என்றால், அந்தச் சுண்ணாம்பு கடலில் படிந்தது அதற்கும் முன்னால். ஓடுள்ள உயிரினங்கள் பூமியில் பெருக ஆரம்பித்ததே ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

அதாவது, இந்தக் கல்லில் கிளிஞ்சல் அழியவில்லை. அது படிந்தபோது உலகத்தில் கிளிஞ்சலே கிடையாது.

அப்படியானால் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடல் நீரில் கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் நேரடியாகவும், நுண்ணுயிர்ப் படலங்களின் உதவியோடும் படிந்தது. கண்ணுக்குத் தெரிகிற சாட்சி எதையும் அவை விட்டுவைக்கவில்லை.

ஆனால் வேறு சாட்சிகள் இருக்கின்றன. இந்தப் பளிங்குப் பட்டைகளுக்குப் பக்கத்தில் எந்தப் பாறை இருக்கிறது என்று பார்த்தால் கதை புரியும். ஒரு கடற்கரையில் மணல், களிமண், சுண்ணாம்புச் சேறு மூன்றும் அடுத்தடுத்துப் படியும். மூன்றும் சேர்ந்து வெந்தால் மணல் குவார்ட்சைட் ஆகும், களிமண் சிவப்புக் கார்னெட் நிறைந்த நைஸ் பாறையாகும், சுண்ணாம்பு பளிங்காகும். தென் மாவட்டங்களில் இந்த மூன்றும் கூட்டாளிகள் போலச் சேர்ந்தே வருகின்றன. கன்னியாகுமரி, தூத்துக்குடி கடற்கரை மணலில் காணும் சிவப்புக் கார்னெட் துகள்கள் இப்படிப்பட்ட பாறைகள் தேய்ந்து வந்தவைதான். பழைய கடற்கரை வெந்து, உடைந்து, திரும்பவும் கடற்கரைக்கே வந்திருக்கிறது.

கல்லே தெர்மாமீட்டர்

சுத்தமான சுண்ணாம்புக் கல் வெந்தால் வெறும் வெள்ளைக் கல்தான். கொஞ்சம் மண்ணோ மணலோ கலந்திருந்தால்தான் சுவாரசியம். மணலில் உள்ள சிலிக்காவும் கால்சைட்டும் சேர்ந்து வோலாஸ்டோனைட் என்ற நார் போன்ற வெள்ளைக் கனிமம் உருவாகும். பெயின்ட், பீங்கான் தொழில்களுக்கு அது தேவை. ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டத்தில் அதற்கென்றே சுரங்கம் இருக்கிறது. மெக்னீசியம் இருந்தால் பச்சை நிற டயாப்சைடு, ஆலிவ் பச்சையில் ஃபார்ஸ்டரைட், பழுப்பு அபிரகம் எல்லாம் வரும். களிமண்ணின் அலுமினியமும் மெக்னீசியமும் சேர்ந்தால் ஸ்பினல். எந்தக் கனிமங்கள் ஒன்றாக இருக்கின்றன என்பதை வைத்தே எத்தனை டிகிரியில் வெந்தது என்று புவியியலாளர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அதில் ரொம்ப அழகான கணக்கு கிராஃபைட்டை வைத்துப் போடுவது. வெள்ளைக் கல்லில் பென்சில் முனை போலக் கருப்பாக மின்னும் செதில்கள்தான் கிராஃபைட். பழைய கடல் சேற்றில் கிடந்த உயிர்ப்பொருளின் கார்பன் சூட்டில் இப்படி மாறும். பக்கத்தில் இருக்கும் கால்சைட்டிலும் கார்பன் உண்டு. எடை கூடிய கார்பன்-13 இந்த இரண்டு கனிமங்களிலும் ஒரே அளவில் இருக்காது. சூடு ஏற ஏற அந்த வித்தியாசம் குறையும். வித்தியாசத்தை அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்த அடுப்பின் சூட்டை இன்றைக்கு ஆய்வகத்தில் உட்கார்ந்து அளக்கிறார்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் இந்தக் கலப்படமே ரத்தினமாகிவிடும். மியான்மரின் மோகோக் மாணிக்கம் பளிங்குக் கல்லுக்குள்தான் பிறக்கிறது. அலுமினியம் மாணிக்கமாகிறது, துளி குரோமியம் சிவப்பு தருகிறது. பளிங்கில் இரும்பு குறைவு என்பதால் அந்தச் சிவப்பு மங்காமல் ஒளிர்கிறது.

அல்வாவில் முந்திரி: மண்ணுக்குள் என்ன வடிவம்?

இனிமேல்தான் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

அரியலூரில் சுண்ணாம்புக் கல் பெரும்பாலும் கிடைமட்டமாக, பாய் விரித்தது போலப் படுத்திருக்கிறது. மேல் மண்ணை அகற்றினால் கல். ஒரு இடத்தில் துளையிட்டால் கொஞ்ச தூரம் தள்ளி என்ன இருக்கும் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

வெந்த பாறையில் அது நடக்காது. கண்டங்கள் மோதும்போது பாறை அடுக்குகள் மடிகின்றன. மடிந்தவை மறுபடியும் மடிகின்றன. அதிலும் சூடான பளிங்கு மற்றப் பாறைகளைவிட ரொம்ப இளக்கமானது. அல்வாவைக் கையால் இழுத்தால் அல்வா நீளும், உள்ளே இருக்கும் முந்திரி உடைந்து தனித்தனியாக நிற்கும். அதே போலப் பளிங்கு வழிந்து நீண்டுவிடும். அதோடு இருந்த கெட்டியான கரும்பாறை அடுக்கு துண்டு துண்டாக உடைந்து நடுநடுவே மாட்டிக்கொள்ளும். போதாததற்குப் பின்னால் கிரானைட் குழம்பு வேறு விரிசல்களில் புகுந்து இறுகிவிடும்.

அதனால் மேலிருந்து பார்த்தால் இந்தச் சுண்ணாம்புக் கல் நீண்ட, குறுகிய பட்டைகளாகத் தெரியும். ஓரிடத்தில் அகலமாக இருக்கும், கொஞ்ச தூரத்தில் இளைத்து, அப்புறம் காணாமலே போகும். மண்ணுக்குள் படுத்திருக்காமல் சரிவாகவோ செங்குத்தாகவோ இறங்கும். மடிப்பின் அடி வந்தால் கல் தீர்ந்தது. ஒருவர் நிலத்தில் கிணறு வெட்டினால் வெள்ளைக் கல், வரப்புக்கு அந்தப் பக்கம் வெட்டினால் கரும்பாறை என்று வருவது இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

செங்குத்தான அடுக்கில் நேராகக் கீழே துளை போட்டால் என்ன ஆகும்? ஒரே அடுக்குக்குள்ளேயே துளை இறங்கிக்கொண்டு போகும். 'ஆஹா, நூறு மீட்டர் கல்!' என்று தோன்றும். உண்மையில் அடுக்கின் தடிமன் 15 மீட்டராகக்கூட இருக்கலாம். அதனால் இங்கே அடுக்கைக் குறுக்கே வெட்டும்படி சாய்வாகத் துளையிட வேண்டும், நெருக்கமாகவும் போட வேண்டும். எத்தனை லட்சம் டன் இருப்பு என்று காகிதத்தில் வரும் எண் எல்லாம் இந்தத் துளைகளுக்கு இடையே புள்ளிகளை இணைத்துப் போட்ட கணக்குதான். படிவுப் பாறையில் அந்தக் கணக்கை நம்பும் அளவுக்கு, மடிந்த பாறையில் நம்ப முடியாது.

தோண்டும்போதும் நிம்மதி இல்லை. பட்டை குறுகலாக இருப்பதால் அகலமாகப் போக முடியாது, ஆழமாகத்தான் போக வேண்டும். ஆழம் கூடக் கூட ஓரங்கள் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் வேண்டாத பாறையைப் படிக்கட்டு போல வெட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு டன் கல் எடுக்க அதைவிட அதிகமாகக் கழிவுப் பாறையை அள்ள வேண்டியிருக்கும். கட்டுப்படியாகாமல் நிறுத்துவார்கள். கல் தீர்ந்துதான் சுரங்கம் மூட வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் கழிவு மலை, நடுவில் தண்ணீர் நிறைந்த ஆழக் குழி என்று இந்த ஊர்களில் காணும் காட்சிக்குப் பாதிக் காரணம் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மடிப்புதான்.

மெக்னீசியம் என்ற வில்லன்

வெள்ளையாக இருக்கும் கல் எல்லாம் சிமெண்டுக்கு ஆகாது. காரணம் டோலமைட். பார்க்கக் கால்சைட் போலவே இருக்கும். ஆனால் பாதி கால்சியத்தின் இடத்தில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கும். சுத்தமான டோலமைட்டில் மெக்னீசியம் ஆக்சைடு கிட்டத்தட்ட 22 சதவீதம்.

சிமெண்ட் சூளையில் 1,450 டிகிரியில் கல் வேகும்போது, அதிகப்படியான மெக்னீசியம் தனித் துகளாக நின்றுவிடும். அது தண்ணீரோடு மிக மெதுவாகத்தான் சேரும். கட்டடம் கட்டி, பூசி, குடிபுகுந்து ஆண்டுக்கணக்கான பிறகு சேர்ந்து உப்பும். இறுகிய கான்கிரீட்டுக்குள் உப்பினால் விரிசல்தான். அதனால்தான் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டில் மெக்னீசியம் ஆக்சைடு 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் கல் தேவை. எரியும்போது வாயு போய், மிச்சம் எல்லாம் செறிவாகும். எனவே கல்லில் 4 சதவீதம் இருந்தாலே எல்லையைத் தொட்டுவிடும்.

படிவுப் பாறையில் டோலமைட் அடுக்கைத் தனியாக ஒதுக்கிவிடலாம். மடிந்து பிசைந்த பாறையில் நல்ல கல்லும் டோலமைட்டும் வோலாஸ்டோனைட்டும் பின்னல் சடை போலக் கிடக்கும். பக்கெட் பக்கெட்டாகப் பிரித்து எடுத்து, ஆய்வகத்தில் பார்த்துப் பார்த்துக் கலக்க வேண்டியதுதான்.

யாழ்ப்பாணக் கல்லும் கண்டிக் கல்லும்

இதே வித்தியாசத்தை இலங்கையில் இன்னும் பளிச்சென்று பார்க்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்து இளம் சுண்ணாம்புக் கல், வேகாதது. அதில் உள்ள துளைகளும் பொந்துகளும்தான் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்குத் தண்ணீர் தருகின்றன. காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை நம்பியிருந்ததும் அந்தக் கல்லைத்தான்.

கண்டி, மாத்தளை மலைப் பகுதியில் இருப்பது வெந்த பளிங்கு. தமிழ்நாட்டுப் பளிங்கை வேகவைத்த அதே கோண்ட்வானா மோதலில் வெந்தது. இரண்டும் அப்போது ஒரே நிலத்தின் பகுதிகள். ஆனால் அங்கே பெரும்பகுதி டோலமைட். சிமெண்டுக்கு வில்லனான மெக்னீசியம், தேயிலைக்கும் தென்னைக்கும் சத்து. அதனால் அந்தக் கல்லை அரைத்து டோலமைட் உரமாகத் தோட்டங்களில் போடுகிறார்கள். எரித்துச் சுண்ணாம்பாகவும் விற்கிறார்கள்.

வீட்டுத் தரையில் இருப்பது எது?

கால்சைட்டின் கடினம் 10-க்கு 3 மட்டுமே. இரும்புக் கத்தியால் கீறினால் கோடு விழும். கிரானைட்டில் விழாது. கடையில் 'மார்பிள்' என்று சொல்லும் எல்லாமே மார்பிள் அல்ல என்பதால், வாங்கும் முன் ஒரு துண்டுச் சில்லைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் கீறிப் பார்ப்பது நல்லது. சில்லைத் தூளாக்கி எலுமிச்சைச் சாறு விட்டால் கால்சைட் என்றால் நுரை வரும். டோலமைட் என்றால் நுரை வருவது மிகக் குறைவு.

இந்தச் சோதனையைத் தரையில் செய்ய வேண்டாம். பாத்ரூம் கழுவும் ஆசிட், வினிகர், எலுமிச்சை, புளி எது பட்டாலும் உண்மையான மார்பிள் அரிக்கும். பளபளப்பு போய் வெளுத்த தடம் விழும். அது கறை அல்ல, கல்லே கரைந்த இடம். அதனால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மெருகேற்றும் மெஷின் போட்டு அந்த இடத்தைச் சுற்றிலும் மேல் தோலைச் சீவினால்தான் பழைய பளபளப்பு திரும்பும்.